தி சி64: முழு அளவு மறுஉருவாக்கக் கணினி பற்றிய மதிப்புரை

ரெட்ரோ கேம்ஸ் நிறுவனம் 2019 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'தி சி64', 1982இல் வெளிவந்த கொமடோர் 64 கணினியை அதே அளவிலும் அதே தோற்றத்திலும் மறுபடி வடித்துத் தரும் கருவியாகும். பழைய கணினிகளைச் சேகரித்துப் பழுது நீக்கி இயக்குவதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஆகவே என்னிடமுள்ள அசல் இயந்திரத்தின் பக்கத்திலேயே இதை வைத்துச் சில மாதங்கள் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் இந்தப் பெயர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாக இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது பிபிசி மைக்ரோ என்னும் கணினி என்பதால், அந்தத் தலைமுறையினர் பலரின் நினைவில் நிற்பது அதுவே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக் கணினி என்றாலே கொமடோர் 64 என்ற நிலை இருந்தது. 595 டாலர் விலையில் அறிமுகமான அதில் 64 கிலோபைட் நினைவகமும், பதினாறு நிறங்களும், பாப் யானஸ் வடிவமைத்த 'சிட்' என்னும் ஒலிச் சில்லும் இருந்தன.

அசல் இயந்திரம் கைவசம் இருக்கும்போது மறுஉருவாக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, முதலில் அசலின் பவர் சப்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெசின் ஊற்றி அடைக்கப்பட்ட அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் வயதாகிப் பழுதடையும்போது, மின்சாரத்தை நிறுத்தாமல் அளவுக்கு மேல் மின்னழுத்தத்தை அனுப்பிவிடுகிறது. அந்தக் கூடுதல் அழுத்தம் முதலில் கொல்வது நினைவகச் சில்லுகளைத்தான். அதனால் சேகரிப்பாளர்கள் பழைய பவர் சப்ளையை ஒதுக்கிவிட்டுப் புதியதைச் செய்துகொள்கிறார்கள், அல்லது அழுத்தம் கூடினால் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு சிறு பாதுகாப்புப் பலகையை இடையில் பொருத்துகிறார்கள். அதற்குப் பிறகும், எந்த நேரத்தில் எந்தச் சில்லு இயங்குவது என்று தீர்மானிக்கும் 'பிஎல்ஏ' சில்லு சூடேறிப் பழுதாகலாம். சிட் சில்லின் உற்பத்தி நின்று பல ஆண்டுகளாகிவிட்டதால், மாற்றுச் சில்லு வாங்கப் போகிறவருக்குப் போலிகளே கிடைக்கும் ஆபத்தும் உண்டு. இப்படிப்பட்ட இயந்திரத்தைக் குழந்தைகள் கையில் மணிக்கணக்கில் கொடுத்துவைக்க எனக்கு மனம் வருவதில்லை. தி சி64ஐ அந்தக் கவலையில்லாமல் கொடுக்கலாம்.

இதன் பெரும் சிறப்பு விசைப்பலகை. 2018இல் வந்த சிறிய பதிப்பில் விசைகள் வெறும் அலங்காரமாக இருந்தன. முழு அளவுப் பதிப்பில் ஒவ்வொரு விசையும் வேலை செய்கிறது. பட்டியலில் 'பேசிக்' என்னும் நிரல்மொழிக்கான நிலையைத் தேர்ந்தெடுத்தவுடன், நீலப் பின்னணியில் 38911 பைட்டுகள் காலியாக உள்ளன என்ற அறிவிப்போடு அந்தப் பழைய திரை தோன்றுகிறது. 64 கிலோபைட்டில் பேசிக் நிரல்களுக்குக் கிடைப்பது அவ்வளவே. 53280 என்ற முகவரியில் போக் கட்டளையால் 0 என்ற எண்ணை இட்டால் திரையின் ஓரம் கறுப்பாகிறது. நினைவகத்தின் ஒரு முகவரியும் கண்முன்னே நிற்கும் ஒரு நிறமும் இவ்வளவு நேராகத் தொடர்புகொள்வதை இன்றைய கணினியில் ஒரு மாணவருக்குக் காட்டுவது எளிதன்று. இந்தக் கருவியை நான் மதிப்பதற்கு முதற்காரணம் அதுதான். கூடவே வரும் 64 விளையாட்டுகள் எனக்கு அதற்கு அடுத்தவையே.

உள்ளே இருப்பது அசல் மின்சுற்று அன்று. அதைப் போல நடந்துகொள்ளும் எமுலேட்டர் நிரல். படம் எச்டிஎம்ஐ வழியாக 720 வரித் தெளிவில் வருகிறது. புதிதாக வாங்குபவர் அமைப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது 50, 60 ஹெர்ட்ஸ் தேர்வு. அக்கால நிரல்கள் பெரும்பாலும் திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இசையை ஓரடி நகர்த்துவதால், ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காக 50 ஹெர்ட்ஸில் எழுதப்பட்ட பாட்டு 60 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு விரைந்து ஓடும். தொலைக்காட்சியை விளையாட்டு நிலையில் வைப்பதும் நல்லது. இல்லையெனில் விசையை அழுத்துவதற்கும் திரை அசைவதற்கும் இடையே தாமதம் தெரியும்.

ஒலியைப் பற்றிச் சேகரிப்பாளர்களுக்குள் தீராத வாதம் உண்டு. 6581 என்ற எண் கொண்ட தொடக்ககால சிட் சில்லில் ஒலியின் தன்மையை மாற்றும் வடிகட்டி அனலாக் முறையில் அமைந்ததால், ஒரு சில்லைப் போல இன்னொன்று ஒலிப்பதில்லை. ஆகவே இந்தக் கருவியின் ஒலி அசலைப் போல இல்லை என்று ஒருவர் சொன்னால், எந்த அசல் என்று கேட்கவேண்டியிருக்கிறது. அடித்தொனிகளில் என் இயந்திரத்தின் கரகரப்பு இதில் இல்லை என்பது உண்மை. சிட் சில்லு ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய மூன்று குரல்களின் இழைவு சரியாகவே இருக்கிறது.

பழுதுநீக்கும் ஆர்வலரை இது நிறைவு செய்யாத இடம் பின்புறம். கார்ட்ரிட்ஜ் துளை, கேசட் இணைப்பு, வட்டியக்கிக்கான (டிஸ்க் டிரைவ்) இணைப்பு, ஒன்பது ஊசி ஜாய்ஸ்டிக் இணைப்பு ஆகிய எவையும் இதில் இல்லை. உள்ளவை யுஎஸ்பி துளைகளே. எனவே பெட்டி நிறையப் பழைய துணைக்கருவிகளைச் சேர்த்துவைத்திருப்பவர், அவற்றை இதில் இயக்கலாம் என்ற எண்ணத்தோடு வாங்கக் கூடாது. மேலே கொமடோர் என்ற பெயர்ப்பட்டையும் கிடையாது. கண்ணாடி அலமாரியில் வைக்கும் சேகரிப்புப் பொருளாக இதை நான் கருதவில்லை.

ஆனால் இரண்டையும் வைத்திருப்பவருக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. பென்டிரைவில் உரிய பெயரோடு ஒரு வட்டுக்கோப்பை, அதாவது ஒரு முழு வட்டின் நகலாக அமைந்த கோப்பை, வைத்தால், பேசிக் அதை 8ஆம் எண் வட்டியக்கியாக எடுத்துக்கொள்ளும். எழுதிய நிரலை அதிலேயே சேமிக்கலாம். அசல் 1541 வட்டியக்கியின் 170 கிலோபைட் வட்டுக்கு ஈடான கோப்பு அது. சென்ற மாதம் என் மகள் இதில் எழுதிய இருபது வரி நிரலை, எஸ்டி அட்டையைப் படிக்கும் ஒரு சிறு கருவியின் வழியாகப் பழைய பழுப்புநிற இயந்திரத்தில் ஏற்றினேன். ஒரு வரியைக்கூடத் திருத்தவேண்டியிருக்கவில்லை. ஓரம் கறுப்பானது, பிறகு மூன்று சுரங்கள் அந்தப் பழைய கரகரப்போடு ஒலித்தன.