டாரோவைப் போல ஒரு நாய்: ஹஸ்கியா, மலமூட்டா?

1958 பிப்ரவரியில் ஜப்பானிய ஆய்வுக் குழு அண்டார்டிகாவின் ஷோவா நிலையத்தை விட்டுக் கிளம்பியபோது, 15 நாய்களைச் சங்கிலியில் கட்டியபடியே விட்டுச் சென்றது. அடுத்த குழு சீக்கிரமே வந்துவிடும் என்பது கணக்கு. வானிலை இடம்கொடுக்கவில்லை. 1959 ஜனவரி 14 அன்று வந்து பார்த்தபோது உயிரோடு இருந்தவை இரண்டே இரண்டு: டாரோ, ஜிரோ என்ற சகோதரர்கள். ஏழு நாய்கள் கட்டிய இடத்திலேயே செத்துக் கிடந்தன. மற்ற எட்டும் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டவை. அவற்றில் ஆறைக் காணவில்லை.

இவை சகலின் ஹஸ்கி இனம். 30 முதல் 40 கிலோ எடை, அடர்ந்த மயிர், பனிவண்டி இழுப்பதே பிழைப்பு. மோட்டார் வண்டி வந்ததும் வேலை போயிற்று. பின்னால் இனமும் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. பாடம் செய்த ஜிரோவை டோக்கியோவின் உஎனோ அருங்காட்சியகத்திலும், டாரோவைச் சப்போரோவிலும் பார்க்கலாம். வளர்க்கத்தான் கிடைக்காது.

அப்படியானால் எதை வளர்ப்பது? பெரும்பாலும் இரண்டு பெயர்கள் அடிபடும்: சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மலமூட். சமோயெடையும் சிலர் சொல்வார்கள். அழகுதான், ஆனால் ஓயாமல் குரைக்கும்.

உடல்வாகை மட்டும் பார்த்தால் மலமூட்தான் நெருக்கம். ஆண் நாய் 38 கிலோ அளவில் நிற்கும். பாரத்தை மெதுவாக, நெடுந்தூரம் இழுக்கப் பழக்கியது. கயிற்றைப் பிடித்திருப்பவரையும் அப்படியே இழுத்துப் போகும். சாப்பாட்டுத் தட்டருகே வேறு நாயைச் சேர்க்காது. ஆண் நாய்கள் இரண்டை ஒரே வீட்டில் வைத்தால் சண்டைக்குப் பஞ்சமில்லை. இடுப்பு மூட்டுக் கோளாறும் இந்த இனத்தில் உண்டு என்பதால், குட்டி வாங்குமுன் தாய் தந்தையின் எக்ஸ்ரேயைக் கேளுங்கள்.

சைபீரியன் ஹஸ்கி 16 முதல் 27 கிலோதான். லேசான சுமையோடு வேகமாக ஓடப் பிறந்தது, உடம்புக்கு ஏற்பக் குறைவாகவே தின்னும். யாரிடமும் வாலாட்டும், காவலுக்கு உதவாது. வேலியைத் தாண்டும், அடியில் தோண்டும், கதவு சற்றுத் திறந்திருந்தால் தெருமுனையில் நிற்கும். வளர்ப்பவர்கள் ஓயாமல் புலம்புவது இதைப் பற்றித்தான். டாரோ பிழைத்ததும் இதே வித்தையால்தான் என்பதை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

இரண்டுக்கும் ஈரடுக்கு மயிர். அடிமயிர் பருவத்தில் கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். தினமும் சீவ வேண்டும். வெயில் என்று மொட்டையடித்துவிடாதீர்கள். அந்த மயிர்தான் தோலை வெயிலிலிருந்தும் காக்கிறது. சென்னை போன்ற ஊருக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன். ஏசி அறைக்குள் அடைத்து வைக்க இழுவை நாய் எதற்கு?

குளிர் ஊரில், சுற்றுச்சுவர் உள்ள வீட்டில், தினமும் ஓட விடுபவருக்கு என் வாக்கு ஹஸ்கிக்கே. 38 கிலோவை அடக்குவதைவிடத் துரத்துவது எளிது.

ஒன்று மட்டும் பாருங்கள். ஹஸ்கியின் கழுத்து மயிரோடு சேர்ந்து ஏறக்குறைய தலை அகலம் இருக்கும். பட்டையைப் பூட்டி, இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்து, பிறகு முன்பக்கமாக இழுங்கள். காதுவரை ஏறி வந்தால் இன்னும் ஒரு துளை இறுக்குங்கள்.