டி செல்லின் சுவிட்ச்: மூன்று கணித மாதிரிகள், ஒரு பரீட்சை

டி செல் என்பது நோய் எதிர்ப்பு வெள்ளையணு. உடலின் சொந்தப் பெப்டைடுகள் (புரதத் துண்டுகள்) ஓயாமல் உரசினாலும் அது அசைவதில்லை. அயல் பெப்டைடு ஒரு சிலவே எதிர்ப்பட்டாலும் விழித்துக்கொள்கிறது. அதிலும் அரைகுறை விழிப்பு அரிது. விழிப்புச் சமிக்ஞையைக் கடத்தும் இஆர்கே நொதியின் செயல்பாட்டைச் செல் செல்லாக அளந்தால் அணைந்தவை, எரிபவை என இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. இது எப்படி என்பதில் மூன்று மாதிரிகளுக்கு இடையே போட்டி.

முதலாவது, 1995இல் மெக்கீதன் முன்வைத்த படிப்படிச் சரிபார்ப்பு. டி செல்லின் ஏற்பியில் ஒட்டிய பெப்டைடு கழல்வதற்குள், பாஸ்பேட் சேரும் படிகள் அத்தனையும் ஏறியாக வேண்டும். அயல் பெப்டைடு சராசரியாக 10 வினாடியும் சொந்தம் 3 வினாடியும் ஒட்டுவதாக வைத்துக்கொள்வோம், படிகள் ஐந்து. படிக்கு 1 வினாடி என்றால் அயலில் 100க்கு 62, சொந்தத்தில் 24 தேறும். இது போதாது. படிக்கு 10 வினாடி என்றால் வேறுபாடு 48 மடங்காகும். ஆனால் அயலிலேயே 100க்கு மூன்றுதான் தேறும். போகட்டும், பெப்டைடு இரட்டித்தால் சமிக்ஞையும் இரட்டிக்கிறது, அவ்வளவுதான். இது நல்ல சல்லடை, சுவிட்ச் அல்ல.

இரண்டாவது, கோல்ட்பீட்டரும் கோஷ்லாண்டும் 1981இல் காட்டிய செங்குத்து வளைவு. சாதாரண நொதி 10 சதவீதத்திலிருந்து 90க்குப் போகத் தூண்டல் 81 மடங்கு கூட வேண்டும். இங்கே சில மடங்கு போதும். ஆனால் பாஸ்பேட்டை ஒட்டுவதும் கழற்றுவதுமான எதிரெதிர் நொதிகள் இரண்டும் திணறும் அளவுக்கு வேலை இருந்தால்தான் இது நடக்கும். செல் சவ்வில் அப்படி இருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

மூன்றாவது, எஸ்ஓஎஸ் புரதத்தின் நேர்ப்பின்னூட்டம். எஸ்ஓஎஸ், இஆர்கேயை நோக்கிச் சமிக்ஞை அனுப்பும் ராஸ் என்ற புரதத்தை முடுக்குகிறது. முடுக்கப்பட்ட ராஸ் எஸ்ஓஎஸ்ஸின் இன்னொரு குழியில் போய் அமர்ந்து அதன் வேகத்தைப் பல மடங்காக்குகிறது. முதல் பொறியைத் தருவது ராஸை முடுக்கும் இன்னொரு புரதமான ராஸ்ஜிஆர்பி. சமன்பாட்டைத் தீர்த்தால் நிலையான புள்ளிகள் இரண்டு கிடைக்கின்றன: அணைந்தது ஒன்று, எரிவது ஒன்று.

இரண்டு கூட்டம் தெரிவதால் மட்டும் மூன்றாவது வென்றுவிடாது. புரத அளவு செல்லுக்குச் செல் மாறும்போது இரண்டாம் மாதிரியும் அதே தோற்றத்தைக் கொடுக்கும். உண்மையான பரீட்சை தூண்டலைக் குறைத்துப் பார்ப்பதுதான். செங்குத்து வளைவு ஏறிய வழியிலேயே இறங்கிவிடும். நேர்ப்பின்னூட்டமோ, தொடக்கத்தில் பற்றவைக்கவே போதாத தூண்டலிலும் எரிந்துகொண்டிருக்கும். 2009இல் வெளியான ஆய்வில் லிம்போசைட் செல்கள் (டி செல் சேர்ந்த வெள்ளையணு வகை) இந்த நினைவைக் காட்டின. என் ஓட்டு அதற்கே.

ஆனால் எஸ்ஓஎஸ்ஸுக்குச் சொந்தம், அயல் தெரியாது. சல்லடையில் தேறி வந்ததை வைத்துத்தான் அது எரிகிறது. ஆகவே இரண்டும் சேர வேண்டும். ஆல்டன்-போனேயும் ஜெர்மைனும் 2005இலேயே சரிபார்ப்போடு, சமிக்ஞையை அணைக்கும் எஸ்எச்பி-1 நொதியின் எதிர்ப்பின்னூட்டத்தையும் இஆர்கேயின் நேர்ப்பின்னூட்டத்தையும் ஒரே மாதிரியில் சேர்த்திருந்தார்கள்.