சந்தாவா, சான்றிதழா? ஓர் ஆங்கிலேய நெசவாளியின் குடும்பத்தைத் தேடும்போது பணத்தை எதில் போடுவது

என் கணவரின் எள்ளுத் தாத்தா இங்கிலாந்தில் லங்காஷயரின் பர்ன்லி நகரத்துப் பருத்தி ஆலையில் தறி ஓட்டியவர். பெயர் ஜேம்ஸ். அவருடைய அப்பா பெயர் வில்லியம், அவரும் நெசவாளிதான். குடும்பப் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தக் காலத்துப் பர்ன்லியில் தெருவுக்கு நாலு வீட்டில் இருந்த பெயர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் சிக்கலே அங்கேதான்.

நிலம் நீச்சு இருந்த குடும்பமென்றால் பத்திரம், உயில், பண்ணைக் கணக்கு என்று ஏதாவது கிடைக்கும். கூலிக்கு உழைத்தவர்கள் அப்படி எதையும் விட்டுப்போகவில்லை. பிறப்பு, திருமணம், இறப்பு, பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேவாலயப் பதிவேடு, நேரம் கெட்டிருந்தால் ஏழைகள் விடுதியின் சேர்க்கைப் பதிவேடு. இவ்வளவுதான். இவற்றை எட்டப் பெரும்பாலோர் எடுக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற வம்சாவளி தேடும் தளங்களில் சந்தா கட்டுவது. இன்னொன்று, ஜி.ஆர்.ஓ. எனப்படும் பொதுப் பதிவு அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்குவது. இரண்டிலும் பணம் போட்டிருக்கிறேன். கையில் இருப்பது ஒரு நூறு பவுண்டுதான் என்றால் பதிவுகளில் போடுங்கள் என்பது என் பக்கம்.

சந்தாவின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1841 முதல் 1921 வரையிலான கணக்கெடுப்புத் தாள்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1841இல் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்: 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள், யார் யாருக்கு என்ன உறவு என்பதும் இருக்காது. 1851இலிருந்து குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் என்பது தெரியும். 1921இல் வேலை கொடுத்தவர் பெயர்கூட உண்டு. அதன் பிறகு 1931 தாள்கள் 1942இல் தீயில் போயின, 1941இல் கணக்கெடுப்பே இல்லை, எனவே 1939 செப்டம்பரில் எடுத்த போர்க்காலப் பதிவேடுதான் அடுத்தது. இதெல்லாம் இல்லாமல் தேட முடியாது. ஆனால் இவற்றைப் பார்க்க நீங்கள் சந்தா கட்ட வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தின் பொது நூலகங்கள் பலவற்றில் இந்தத் தளங்களை அங்கேயே இருக்கும் கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். 1881 கணக்கெடுப்பை ஃபேமிலிசர்ச் என்ற இலவசத் தளத்தில் யாரும் காசில்லாமல் தேடலாம்.

சரி, எங்கள் சிக்கலுக்கு வருகிறேன். ஜேம்ஸ் 1877இல் திருமணம் செய்தார். அந்தப் பதிவில் அப்பா வில்லியம், நெசவாளி என்று இருந்தது. இங்கிலாந்துத் திருமணப் பதிவில் 2021 மே வரை அம்மாவின் பெயருக்கு இடமே கிடையாது. 1861 கணக்கெடுப்பைத் திறந்தால் பர்ன்லியில் அதே குடும்பப் பெயரோடு இரண்டு வில்லியம்கள். இருவரும் நெசவாளிகள். இருவருக்கும் ஆறு வயதை ஒட்டி ஜேம்ஸ் என்று ஒரு மகன். ஒரு வீட்டில் அம்மா பெயர் மார்கரெட், இன்னொரு வீட்டில் எலன். 1871இல் மார்கரெட் வீட்டில் ஜேம்ஸ் இல்லை, எலன் குடும்பம் மொத்தமாகவே கண்ணில் படவில்லை, 16 வயது ஜேம்ஸ் ஒருவன் மட்டும் யாரோ ஒருவர் வீட்டில் தங்கி ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பதினாறு வயதில் வேறு வீட்டில் தங்கி வேலைக்குப் போவது அங்கே சாதாரணம்.

சந்தாத் தளங்கள் இந்த இடத்தில் ஒரு பதில் தருகின்றன, அதுதான் எனக்குக் கவலை. மற்றவர்கள் போட்டுவைத்த வம்சாவளிகளைக் காட்டி இவர்தான் அம்மாவாக இருக்கலாம் என்று குறிப்பு வரும். எங்கள் விஷயத்தில் நான் பார்த்த வம்சாவளிகள் எல்லாமே மார்கரெட்டைத்தான் அம்மாவாகப் போட்டிருந்தன, அவளுக்கு மேலே இன்னும் மூன்று தலைமுறை ஏற்றியிருந்தன. ஆதாரம் என்ன என்று பார்த்தால் அதே 1861 தாள், அல்லது இன்னொருவருடைய வம்சாவளி. பத்துப் பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் பத்து சாட்சி என்று தோன்றும். பெரும்பாலும் அது ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் எடுத்து ஒட்டியது.

இதைத் தீர்த்தது அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். சான்றிதழ் பக்கம் நான் சாய்வதற்கு இந்த ஒன்றே போதும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்து, வேல்ஸில் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. காலாண்டுக்கு ஒன்றாக அட்டவணை போட்டார்கள். பழைய பிறப்பு அட்டவணையில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். அதற்கு முன்னே குழந்தையின் பெயர், மாவட்டம், தொகுதி, பக்க எண் மட்டும். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் ஃப்ரீபிஎம்டி அருமையான உழைப்பு, ஆனால் அதுவும் அந்தப் பழைய அட்டவணையின் நகல்தான். 2016இல் ஜி.ஆர்.ஓ. தன் இணையதளத்தில் புதிதாக ஓர் அட்டவணையைத் திறந்தது. அதில் 1837இலிருந்தே பிறப்புக்கு அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் உண்டு, இறப்புக்கு வயது உண்டு. பழைய இறப்பு அட்டவணையில் 1866க்கு முன் வயதே கிடையாது. ஒரு கணக்குத் தொடங்கினால் போதும், தேடுவது இலவசம். பதிவின் படத்தை வாங்கத்தான் காசு. நான் வாங்கியபோது ஒரு படம் 3 பவுண்டு.

பர்ன்லி மாவட்டத்தில் இரண்டு ஜேம்ஸ்களின் பிறப்பும் அட்டவணையில் கிடைத்தன, வெவ்வேறு தாய்வழிப் பெயர்களோடு, அதாவது அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர்களோடு. 6 பவுண்டு கட்டி இரண்டு படத்தையும் எடுத்தேன். எந்தப் பெயர் மார்கரெட்டுடையது, எந்தப் பெயர் எலனுடையது என்பது தெளிவானது. அடுத்து இறப்பு அட்டவணை. 1864இல் ஒரு ஜேம்ஸ், வயது 9. இன்னொரு 3 பவுண்டு. சின்னக் குழந்தைகளின் இறப்புப் பதிவில் தொழில் என்ற இடத்தில் அப்பாவின் பெயரையும் தொழிலையும் எழுதுவார்கள். இங்கே வில்லியம், நெசவாளி என்று இருந்ததால் அது மட்டும் போதாது. தகவல் சொன்னவர் என்ற கட்டத்தில்தான் விடை இருந்தது: மார்கரெட், தாய், இறக்கும்போது உடனிருந்தவர். முகவரி, 1861இல் அவர்கள் குடியிருந்த அதே தெரு. மார்கரெட்டின் ஜேம்ஸ் ஒன்பது வயதில் போய்விட்டான். 1877இல் திருமணம் செய்தவர் அவன் இல்லை.

ஒருவரை விலக்கியதால் மட்டும் மற்றவர் நம்மவர் ஆகிவிட மாட்டார், மூன்றாவதாக ஒரு ஜேம்ஸ் பக்கத்து ஊரிலிருந்து வந்திருக்கலாம். அதற்கு 1881 கணக்கெடுப்பு உதவியது. எங்கள் ஜேம்ஸ் வீட்டில் 17 வயது ஆலிஸ், தலைவரின் தங்கை என்று இருந்தாள். ஆலிஸின் பிறப்பை அட்டவணையில் தேடினால் எலனின் பிறந்த வீட்டுப் பெயரோடு வந்தது. கணக்கெடுப்பும் பதிவும் சேர்ந்து பேசிய இடம் அது, தனியாகக் கணக்கெடுப்பால் முடிந்திருக்காது.

குடும்பத்தை முழுசாகத் தெரிந்துகொள்ளவும் இதே வழிதான். 1911 கணக்கெடுப்புத் தாளை வீட்டுக்காரரே நிரப்பினார், அந்தத் தாளே இன்றும் இருக்கிறது. மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்று அதில் கேட்டிருந்தார்கள். ஜேம்ஸ் எழுதியது: பிறந்தவர்கள் ஒன்பது, இருப்பவர்கள் ஐந்து, இறந்தவர்கள் நான்கு. 1881, 1891, 1901 மூன்றிலும் சேர்த்துப் பார்த்தால் ஆறு பிள்ளைகள்தான் வருகிறார்கள். இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவில் பிறந்து நடுவிலேயே போன மூன்று பேர் எந்தத் தாளிலும் இல்லை. எந்தச் சந்தாவும் அவர்களைக் கணக்கெடுப்பில் காட்டாது. ஜி.ஆர்.ஓ. அட்டவணையில் குழந்தையின் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு, குடும்பப் பெயரும் தாய்வழிப் பெயரும் கொடுத்து, ஆண் பெண் தனித்தனியாக, ஆண்டை முன்னும் பின்னும் இரண்டிரண்டு தள்ளிக்கொண்டே போனேன். மூன்று பேரும் கிடைத்தார்கள். இரண்டு பெண், ஒரு பையன். யாரும் இரண்டு வயதைத் தொடவில்லை. தட்டம்மை, மூச்சுக்குழல் அழற்சி, வலிப்பு என்று காரணம் எழுதியிருந்தது. பர்ன்லி, பிரஸ்டன் போன்ற ஊர்களில் அப்போது குழந்தை இறப்பு நாட்டுச் சராசரியை மிஞ்சியது என்று படித்திருந்தேன். மூன்று பேருக்கும் பெயர் இருந்தது என்று தெரிந்த பிறகு அதை முன்போல் படிக்க முடியவில்லை. எங்கள் பிள்ளைகள் எழுதிவைத்த வம்சாவளித் தாளில் இப்போது ஒன்பது பெயரும் இருக்கின்றன. எனக்கு இதற்காகவே அந்தச் செலவு சரி.

குறைகளும் உண்டு. 3 பவுண்டுப் படம் பழைய பிறப்புகளுக்கும் 1887 வரையிலான இறப்புகளுக்கும்தான். அதற்குப் பின் 1957 வரையிலான இறப்புகளுக்கு பிடிஎஃப், 8 பவுண்டு. திருமணத்துக்கு இரண்டும் இல்லை, 12.50 பவுண்டுத் தாள் சான்றிதழ்தான். லங்காஷயர் என்றால் இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. லங்காஷயர் பிஎம்டி என்ற உள்ளூர்ப் பதிவு அட்டவணைத் தளத்தில் திருமணம் எந்தத் தேவாலயத்தில் நடந்தது என்று பார்க்கலாம். அப்புறம், லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் தன்னார்வலர்கள் அந்தத் தேவாலயத்தின் பதிவேட்டைத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்களா என்று தேடலாம். போட்டிருந்தால் இரு அப்பாக்களின் பெயரும் தொழிலும் சாட்சிகளும் இலவசம். சாட்சிகளை விட்டுவிடாதீர்கள், பல நேரம் அவர்கள் கூடப்பிறந்தவர்கள்.

இன்னொரு குறை, 1875க்கு முன் பிறப்பைப் பதிவு செய்யாவிட்டால் பெற்றோர் மீது தண்டம் இல்லை, அதனால் சில குழந்தைகள் விடுபட்டிருக்கின்றன. அவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடுதான் கதி. மணமாகாத தாயின் குழந்தை என்றால் அட்டவணையில் தாய்வழிப் பெயர் இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும். ஜி.ஆர்.ஓ.விடம் இருப்பது உள்ளூர் அலுவலகங்கள் அனுப்பிய நகல், அதனால் எழுத்துப் பிழைகள் வரும். எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகப் போட்ட பெருக்கல் குறிகூட எழுத்தர் கையால் வந்ததுதான். தாய்வழிப் பெயரும் ஊரில் பரவலான பெயராக இருந்துவிட்டால் இந்த முறையே திணறும், அப்போது முகவரியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

செலவைப் பாருங்கள். முழுச் சந்தா என்றால் ஆண்டுக்கு 100 பவுண்டைத் தாண்டிவிடும், நிறுத்தினால் தாள்களைத் திறக்க முடியாது, தேடல் முடியும்வரை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதே 100 பவுண்டுக்கு 33 படம். தரவிறக்கிக்கொண்டால் உங்களுடையது. எங்கள் ஜேம்ஸ் யார் மகன் என்ற கேள்விக்கு 9 பவுண்டுதான் ஆனது.

டி.என்.ஏ. சோதனை பற்றியும் கேட்கிறார்கள். என் கணவர் செய்திருக்கிறார், அதில் என் பழக்கம் குறைவு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜேம்ஸின் பெற்றோரை உறுதி செய்ய, அவருடைய கூடப்பிறந்தவர்களின் வழியில் வந்தவர்கள் சோதனை செய்திருக்க வேண்டும். அவ்வளவு தள்ளிய உறவில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பொருத்தமே தெரியும். காகிதத்தில் கண்டதைச் சரிபார்க்க உதவலாம், காகிதத்துக்குப் பதிலாக வராது.

சந்தா கட்டத்தான் வேண்டும் என்ற நிலைமைகளும் இருக்கின்றன. நூலகம் எட்டாத இடத்தில் இருப்பவர்கள், முதல் உலகப் போருக்குப் போன மகன்களைத் தேடுபவர்கள். 1940இல் குண்டுவீச்சில் அந்தப் போர்வீரர்களின் ஆவணங்களில் பாதிக்கு மேல் எரிந்துபோயின, மிஞ்சியதைப் பார்க்க இந்தத் தளங்கள்தான் வசதி. 1837க்கு முன்னே போவதானால் ஜி.ஆர்.ஓ.வில் எதுவும் இல்லை, தேவாலயப் பதிவேடுகளின் படங்கள் வேண்டும். 1813க்குப் பிந்தைய ஞானஸ்நானப் பதிவேட்டில் அச்சடித்த கட்டங்களில் அப்பாவின் தொழிலும் குடியிருப்பும் இருப்பதால் அந்த இடைப்பட்ட ஆண்டுகள் கொஞ்சம் எளிது. தெற்குப் பக்கத்துப் பண்ணைக் கூலிகள், லண்டன் துறைமுகத் தொழிலாளிகள் விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை. ஆலை நகரத்தில் பலித்த வழி அங்கேயும் அப்படியே பலிக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சந்தாதான் என்று முடிவு செய்தால், வேண்டிய பெயர், ஊர், ஆண்டுகளை முதலில் ஜி.ஆர்.ஓ. அட்டவணையிலிருந்து பட்டியல் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, தாள்களை எல்லாம் தரவிறக்கிக்கொண்டு, தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.