நியூஸ்லாண்ட்ரி சந்தா: எதற்காகக் கட்டலாம், எதற்கு வேண்டாம்

ஊடகங்களையே விமர்சிக்கும் இணையச் செய்தித் தளமான நியூஸ்லாண்ட்ரிக்குச் சந்தா கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கட்டலாம் என்பதுதான். ஆனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள். இன்றைக்கு எங்கே மழை, யார் ராஜினாமா, தங்கம் என்ன விலை என்று பார்க்க இது சரிப்படாது, அதற்கெல்லாம் காசே கொடுக்காமல் எத்தனையோ வழி இருக்கிறது. நடந்ததை யார் எப்படிச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள், அதில் யாருக்கு என்ன லாபம், இதையெல்லாம் யாருக்கும் கைகட்டி நிற்காமல் பேசுகிற ஓர் இடம் வேண்டுமென்றால் இந்தியாவில் இப்போது இதுபோல் அதிகம் இல்லை.

டெல்லியில் 2012இல் மது திரேஹன், அபிநந்தன் சேக்ரி, பிரசாந்த் சரீன், ரூபக் கபூர் என்று நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தது. மது திரேஹன் 1975இல் இந்தியா டுடே தொடங்கியபோது அதன் ஆசிரியர். பிறகு 1988இல் நியூஸ்ட்ராக் என்ற செய்தி இதழை வீடியோ கேசட்டாகவே கொண்டுவந்தார். தூர்தர்ஷனை விட்டால் தொலைக்காட்சியில் வேறு செய்தியே கிடையாத காலம் அது, அரசு காட்டாததைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் தங்கள் கைக்காசைச் செலவழித்து அந்தக் கேசட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். நியூஸ்லாண்ட்ரியும் அதே வழிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசிடமிருந்தும் விளம்பரம் இல்லை, கம்பெனிகளிடமிருந்தும் விளம்பரம் இல்லை, படிப்பவரும் கேட்பவரும் கொடுக்கிற சந்தாதான். விளம்பரக்காரன் காசு கொடுத்தால் செய்தி அவனுக்குத்தான் வேலை செய்யும், மக்கள் கொடுத்தால் மக்களுக்கு வேலை செய்யும் என்பதை ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, இருந்தாலும் உண்மை.

தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ரிமோட்டைக் கையில் எடுக்கும்போதே எந்த சேனல் யாருடையது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கலைஞர் தொலைக்காட்சி திமுக, ஜெயா சசிகலா குடும்பம், மக்கள் தொலைக்காட்சி பாமக, கேப்டன் தேமுதிக, சன் என்றால் மாறன் குடும்பம். கட்சி சாராத நாளிதழிலும் முதல் பக்கம் முழுக்க அரசு விளம்பரம் வந்திருக்கும் நாளில், அந்த அரசுக்குப் பிடிக்காத செய்தி எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம். நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

சரி, கட்டுகிற காசுக்கு என்ன கிடைக்கிறது? என்னைக் கேட்டால் முதலில் சொல்வது ஹஃப்தா. வாரம் ஒருமுறை வரும் ஒலி உரையாடல், அந்த வாரத்து அரசியல், கோர்ட், ஊடகம் எல்லாவற்றையும் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசுவார்கள், வெளியிலிருந்து ஒரு நிபுணரும் வருவார். நீளம்தான். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிப் போகும் வாரங்கள் உண்டு. சேக்ரி குறுக்கே பேசுகிறார், பேச்சு எங்கெங்கோ போய்த் திரும்புகிறது. ஆனால் பேசுகிறவர்கள் ஒருவர் சொல்வதற்கு இன்னொருவர் தலையாட்டுவதில்லை. பல வருடங்கள் அந்தக் குழுவில் இருந்த ஆனந்த் வர்தன், மற்ற எல்லோரும் ஒரு பக்கம் சாயும்போது நிதானமாக எதிர்ப்பக்கத்து வாதத்தை எடுத்து வைப்பார், பாதி நேரம் எனக்கு அவர் சொல்வதில் உடன்பாடு இருக்காது, ஆனாலும் கேட்டு முடித்த பிறகு என் கருத்தை நானே இன்னொரு தரம் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் கடிதப் பகுதி. சந்தாதாரர்கள் எழுதும் கடிதங்களை மட்டும் எடுத்து நிகழ்ச்சியில் வாசிப்பார்கள். புகழ்ச்சிக் கடிதங்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் மோடி எதிர்ப்பாளர்கள் என்று ஒருவர் திட்டியிருப்பார், அடுத்த கடிதத்தில் இன்னொருவர் அந்த விருந்தினரை ஏன் கூப்பிட்டீர்கள், வெறுப்பைப் பரப்புகிறவருக்கு மேடை கொடுத்துவிட்டீர்கள், சந்தாவை நிறுத்தப் போகிறேன் என்று எழுதியிருப்பார். இரண்டையும் வாசித்துவிட்டு பதில் சொல்வார்கள், சில சமயம் கோபமாக, சில சமயம் ஆமாம் என்று ஒத்துக்கொண்டு. காசு கொடுத்தவன் கேள்வி கேட்கலாம், ஆனால் காசு கொடுத்ததற்காக அவனுக்குப் பிடித்ததை மட்டும் பேச மாட்டோம் என்கிற இந்தப் பிடிவாதத்துக்காகத்தான் நான் சந்தாவைப் புதுப்பிக்கிறேன். சந்தாவில் ஓடுகிற ஊடகத்துக்கு விளம்பரக்காரன் தொல்லை இல்லாவிட்டாலும் சந்தாதாரன் மனம் கோணக் கூடாதே என்ற பயம் வந்துவிடும், வெளிநாடுகளில் அப்படி ஆனவை உண்டு. இங்கே அந்தப் பயம் இதுவரை கண்ணில் படவில்லை.

அடுத்தது மனீஷா பாண்டே நடத்தும் டிவி நியூசன்ஸ். இதை யூட்யூபிலேயே பார்க்கலாம். இந்தி, ஆங்கில சேனல்களின் இரவு விவாதங்களை வெட்டியெடுத்துப் போட்டு, நடுநடுவே நிறுத்தி, என்ன சொன்னார்கள், என்ன நடந்தது என்று காட்டுவார். 2020இல் இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்த பிறகு அவர் காதலி ரியா சக்கரவர்த்தியை சேனல்கள் துரத்தியதை வாரக்கணக்கில் பதிவு செய்தது இந்த நிகழ்ச்சி. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட ஓர் இரவில் கராச்சி துறைமுகம் அழிந்துவிட்டது என்று பெரிய பெரிய சேனல்களே சொன்னது நினைவிருக்கும். எதுவும் நடக்கவில்லை. விடிந்ததும் சேனல்கள் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன, ஆனால் யார் எந்தக் குரலில் என்ன சொன்னார் என்பது இதுபோன்ற நிகழ்ச்சிகளால்தான் மறையாமல் இருக்கிறது. இந்தி புரியும் என்றால் அதுல் சௌராசியாவின் டிப்பணி நிகழ்ச்சியையும் பாருங்கள், திருதராஷ்டிரனும் சஞ்சயனும் பேசிக்கொள்வதுபோல நாட்டு நடப்பைச் சொல்லும் பகுதி அருமை.

கருத்து மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நான் காசு கொடுக்க மாட்டேன், செய்தி சேகரிப்பும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தென்மாநிலச் செய்தித் தளமான தி நியூஸ் மினிட்டோடு சேர்ந்து வெளியிட்டது ஒன்று: அமலாக்கத் துறை, வருமான வரித் துறை போன்ற மத்திய அமைப்புகளின் நடவடிக்கைக்கு ஆளான குறைந்தது 30 கம்பெனிகள் ஐந்து நிதியாண்டுகளில் பாஜகவுக்கு ஏறத்தாழ 335 கோடி ரூபாய் நன்கொடை கொடுத்திருந்தன. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, மார்ச்சில் அவற்றை வாங்கியவர்களின் பட்டியல் வெளியானதும் ஸ்க்ரோல் செய்தித் தளமும் தனிப் பத்திரிகையாளர்களும் சேர்ந்துகொள்ள ஒரே குழுவாக உட்கார்ந்து அலசினார்கள். அந்தப் பட்டியலில் முதலிடம் நம் கோவை லாட்டரி மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். அதில் 500 கோடிக்கு மேல் திமுகவுக்கு. கட்சி சேனல்களை மட்டும் பார்க்கிறவருக்கு இதில் ஒரு பாதியோ மறு பாதியோதான் காதில் விழும், இரண்டையும் சேர்த்துக் கேட்க யாருக்கும் கடன்படாத ஆள் வேண்டும்.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் இல்லை. 2021 செப்டம்பரில் அவர்கள் அலுவலகத்தில் வருமான வரித் துறை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ‘ஆய்வு’ நடத்தியது, சேக்ரியின் போனிலும் லேப்டாப்பிலும் இருந்ததை நகலெடுத்துக்கொண்டு போனதாக அவரே அறிக்கை விட்டார். 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக மத்திய அரசு விகடன் இணையதளத்தையே முடக்கியதும், அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதைத் திறக்கச் சொன்னதும் நமக்குப் பக்கத்தில் நடந்தவை. இந்த நிலைமையில் மாதம் சில நூறு ரூபாய் பெரிய தொகையாக எனக்குத் தெரியவில்லை.

இனி குறைகள். சினிமா, சீரியல், விளம்பரம் பற்றிப் பேசும் ஆஃபுல் அண்ட் ஆசம் கலகலப்பானதுதான், சேக்ரியும் ராஜ்யஸ்ரீ சென்னும் போடும் சண்டைகளுக்காகவே கேட்கலாம், ஆனால் அவர்கள் பார்ப்பது இந்திப் படமும் அமெரிக்கத் தொடரும்தான். தமிழ்ப் படம் வசூலில் நாட்டையே உலுக்கினால்தான் வாயில் பேர் வரும். பொதுவாகவே எல்லாம் டெல்லியிலிருந்து பார்க்கிற பார்வை. தொகுதி மறுவரையறை, கல்வி நிதி, ஆளுநர் மசோதாக்களை நிறுத்தி வைப்பது, இவையெல்லாம் நமக்கு அன்றாட அரசியல். அங்கே அவை எப்போதாவது ஒரு வாரம் விருந்தினர் ஒருவரை அழைத்துக் கேட்டுக்கொள்கிற விஷயம். பேச்சும் ஆங்கிலத்திலிருந்து சட்டென்று இந்திக்குத் தாவும், நகைச்சுவை முழுக்க இந்தியில், இந்தி தெரியாத ஆள் அந்த இடத்தில் வெளியே நிற்க வேண்டியதுதான். வருடக்கணக்கில் தெற்கே சந்தாதாரர்கள் இருக்கும்போது இதைச் சரிசெய்யாமல் இருப்பது நியாயமே இல்லை.

அதனால் கட்டுவதாக இருந்தால் தி நியூஸ் மினிட்டும் சேர்ந்த கூட்டுச் சந்தாவாகப் பார்த்துக் கட்டுங்கள். பெங்களூருவிலிருந்து தன்யா ராஜேந்திரன் நடத்துவது, ஐந்து தென்மாநிலங்களும் அவர்களுக்குச் சொந்த ஊர். கேரளத்தில் 2017இல் நடிகை தாக்கப்பட்ட வழக்கிலிருந்து 2024 ஆகஸ்டில் மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா கமிட்டியின் அறிக்கை வெளிவந்தது வரை அவர்கள் விடாமல் எழுதியதைப் படித்தாலே தரம் தெரியும். தன்யாவும் பூஜா பிரசன்னாவும் பேசும் சவுத் சென்ட்ரல் நிகழ்ச்சியில் ஸ்டாலின், சித்தராமையா, பினராயி, ரேவந்த் ரெட்டி எல்லோருக்கும் ஒரே அளவுகோல், இந்தியில் ஒரு வாக்கியமும் வராது. அவசரப்படாதீர்கள், முதலில் யூட்யூபில் பூஜாவின் விளக்க நிகழ்ச்சியான லெட் மீ எக்ஸ்ப்ளெய்ன் இரண்டு, டிவி நியூசன்ஸ் இரண்டு பாருங்கள், பிடித்தால் ஒரு மாதம் மட்டும் கட்டி ஹஃப்தாவைக் கடிதப் பகுதி வரை கேளுங்கள். அப்புறம் வருடச் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம். கட்டியதும் முதல் வேலையாக, அந்தக் குழுவில் தெற்கிலிருந்து ஒருவரை நிரந்தரமாக உட்கார வையுங்கள் என்று ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள், நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.