மலச்சிக்கலுக்குக் கரண்ட் சிகிச்சை என்று பணம் கட்டுவதற்கு முன்

68 வயதாகும் என் அம்மாவுக்கு நான்கு ஆண்டுகளாக மலச்சிக்கல். சென்ற தை மாதம், எங்கள் ஊரில் புதிதாகத் திறந்த ஒரு சிகிச்சை நிலையத்தில், இடுப்பு நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் குடல் தானாக இயங்கத் தொடங்கிவிடும், 20 சிட்டிங் போதும் என்று உறுதி சொல்லி, 24,000 ரூபாயை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், தைராய்டு பார்த்ததுண்டா, பேஸ்மேக்கர் வைத்திருக்கிறாரா என்று ஒரு கேள்விகூட அவர்கள் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கீழ்முதுகிலும் கணுக்காலிலும் பட்டைகளை ஒட்டி, தினமும் 20 நிமிடம் மெல்லிய மின்னோட்டம் கொடுத்தார்கள். எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றார் அம்மா. ஏழாம் நாள்தான் அந்தக் கருவியை உற்றுப் பார்த்தேன். மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் விற்கும் சாதாரண டென்ஸ் கருவி அது.

அதைவிடக் கொடுமை, மலமிளக்கியை முதல் நாளே நிறுத்தச் சொன்னதுதான். "அது குடலைச் சோம்பேறியாக்கிடும்மா" என்றார் அங்கிருந்த பெண். ஒன்பதாம் நாள் இரவு மலம் கல்லாக இறுகி, வயிறு உப்பி, அரசு மருத்துவமனையில் எனிமா கொடுத்தும் போதாமல் கையால் எடுக்க வேண்டியதாயிற்று. அம்மா இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

'அமெரிக்க அரசு அங்கீகரித்த சிகிச்சை' என்று அவர்கள் கொடுத்த துண்டறிக்கையைப் பிறகுதான் சரிபார்த்தேன். அங்கே 2011இல் அனுமதி பெற்றது, அறுவை செய்து தோலுக்கடியில் பதிக்கும் கருவிக்கு. அதுவும் மலத்தை அடக்க முடியாதவர்களுக்கு. கருவியும் வேறு, நோயோ நேரெதிர்! அந்தப் பதிகருவிகூட மலச்சிக்கலைக் குறைத்ததாக அதுவரை நடந்த ஆய்வுகள் காட்டவில்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வு முடிவுக்கு வந்தது. ஆராய்ச்சியே பொய் என்று நான் சொல்லவில்லை. தோலின்மேல் பட்டை ஒட்டும் முறையை மெல்பர்ன் மருத்துவர்கள் குழந்தைகளிடம் முறையாகவே சோதித்திருக்கிறார்கள். இன்னும் சோதனையில் இருக்கும் ஒன்றை உறுதியான குணம் என்று விலை பேசியதைத்தான் மோசடி என்கிறேன்.

அரசு மருத்துவர் முதலில் மாத்திரைப் பையைக் கொட்டச் சொல்லி, மலத்தை இறுக்கக்கூடியது என்று இரும்புச்சத்து மாத்திரையைத் தனியே எடுத்து வைத்தார். பிறகு 50 மில்லி நீர் நிரப்பிய சிறு பலூனை ஆசனவாய்க்குள் வைத்து வெளித்தள்ளச் சொன்னபோது, அம்மாவால் முடியவில்லை. முக்கும்போது தளர வேண்டிய தசை அவருக்கு இறுகுகிறதாம். இதற்குத் தசையைத் தளர்த்தப் பழக்கும் பயோஃபீட்பேக் பயிற்சிதான் வழி என்றார். இப்போது அது நடக்கிறது.

மீதி 11 சிட்டிங்குக்கான பணத்தைக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் காட்டினார்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மனுக்களுக்கு அங்கே கட்டணம் கிடையாது. இப்படிப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ரசீதையும் துண்டறிக்கையையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.