பழைய ஜீப்புக்கு டீசல்: பெஜோவா, டி.ஐ.யா?

எங்கள் வீட்டில் நிற்பது சிஜே-3பி, உயர பானெட் ஜீப். அந்த உயரத்துக்குக் காரணமே உள்ளே இருக்கும் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின்தான். காற்றும் பெட்ரோலும் நுழையும் இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் என்ற அமைப்பால் அது நெட்டை. 2.2 லிட்டர், மலையில் நன்றாக இழுக்கும், அதற்கேற்பக் குடிக்கவும் செய்யும். ஒடுகத்தூர்த் தோப்புக்கு வாரம் இருமுறை போய்வர எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. டீசல் இன்ஜினுக்கு மாற்றலாம் என்று பேச்சு வந்தது. பெரியப்பா மகன் அண்ணன் டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்‌ஷன், டீசல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை) என்றார், நான் பிரெஞ்சு கம்பெனியான பெஜோவின் இன்ஜின் என்றேன். இரண்டையும் மஹிந்திராவே பின்னாளில் ஜீப்பில் பொருத்தி விற்றது.

காட்பாடிப் பட்டறை ஒன்றில் இரண்டு வகையும் நின்றன. மெக்கானிக் இரண்டையும் ஐடிலில் விட்டு, மட்கார்டில் வண்டிக்கொரு டீ கிளாஸ் வைத்தார். பெஜோவின் மேல் டீ வட்டம் வட்டமாக நடுங்கியது. டி.ஐ. மேல் கிளாஸே ஊர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டது. அண்ணன் பாய்ந்து பிடித்தார்.

எக்ஸ்டிபி 4.90 என்ற பெஜோவின் பெயரிலேயே நான்கு சிலிண்டரும் 90 மி.மீ. போரும் (சிலிண்டரின் உள் விட்டம்) இருக்கின்றன. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 83 மி.மீ., மொத்தம் 2112 சிசி. டி.ஐ.க்கு ஸ்ட்ரோக் 101.6 மி.மீ., 2523 சிசி. பெஜோ வேகமாகச் சுற்றினால்தான் இழுக்கும், நீள ஸ்ட்ரோக் உள்ள டி.ஐ. மெல்லச் சுற்றும்போதே தள்ளும். பீஞ்சமந்தை மலை ஏற்றத்தில் எது சுகம் என்று சொல்லத் தேவையில்லை. பெங்களூர் நெடுஞ்சாலையில் கதை வேறு: எங்கள் ஜீப்பின் ஆக்சில் விகிதம் 5.38, அதாவது டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் 5.38 சுற்றுச் சுற்ற வேண்டும், அதனால் 70ஐ நெருங்கும்போதே டி.ஐ. கதறும்.

பெஜோவில் எரிப்பு ஹெட்டிலுள்ள சிற்றறையில் தொடங்குகிறது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஹீட்டர் பிளக் வேண்டும், ஹெட்டுக்குச் சூடும் அதிகம். அடைத்த ரேடியேட்டரோடு வேலூர் அக்னி நட்சத்திரத்தில் மலையேறினால் ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டுக்குச் சோதனைதான். உதிரிப் பாகமும் தேடி அலைய வேண்டும், டி.ஐ. சாமான் அதே இன்ஜினோடு வந்த பிக்கப் வண்டிகளின் புண்ணியத்தில் ஆம்பூரிலும் கிடைக்கும். நான் கட்சி மாறியது இங்கேதான்.

“இன்ஜினை விடுங்கள் சார், கியர் பாக்ஸைப் பாருங்கள்” என்றார் மெக்கானிக். பெட்ரோலுக்காக வந்த மூன்று கியர் பெட்டி டி.ஐ.யின் அடியை நெடுநாள் தாங்காது. நான்கு கியர் பெட்டியும் சேர்த்தே மாற்ற வேண்டும். முன் ஸ்பிரிங் பட்டைக்குக் கூடுதல் தகடு, மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்ப ரிட்டர்ன் குழாய் தனி. இன்ஜினின் உறிஞ்சலில் ஓடும் வாக்குவம் வைப்பர் என்றால் அதுவும் செத்துவிடும். டீசலில் காற்று நுழையும் மேனிஃபோல்டில் அந்த உறிஞ்சல் இல்லை.

பிறகு ஆர்.சி.யைப் புரட்டினோம். எரிபொருள் மாற மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ.வின் அனுமதி வேண்டும். வண்டியோ 50 வயதைத் தாண்டியது. 2021 விதிகளின்படி விண்டேஜ் (பழமையான வண்டி) பதிவு வாங்க இன்ஜின் மாறியிருக்கக் கூடாது. வாங்கிவிட்டாலோ அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது.

ஹரிக்கேன் அப்படியே இருக்கிறது. தோப்புக்காக, கம்பெனியிலேயே டி.ஐ. வைத்து வந்த பழைய ஜீப் ஒன்றை அண்ணன் குடியாத்தத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். டீ கிளாஸை இனி கையில்தான் பிடிப்பாராம்.