அடைப்பில்லாத இதயத் தசைக் காயம்: ஐ5ஏ-வா, ஐ21.ஏ1-ஆ, ஆர்79.89-ஆ?

வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் அமர்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைப் படித்து நோய்களுக்குக் குறியீடு இடும் கோடர்களைத் தயங்க வைப்பவற்றுள் ஒன்று, இதய ரத்தக்குழாய் அடைபடாதிருக்க, இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதமான ட்ரோபோனின் மட்டும் உயர்ந்திருக்கும் நோயாளியின் சார்ட். அமெரிக்காவின் நோய்க்குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்-இல் அதற்கு மூன்று குறியீடுகள் போட்டியிடுகின்றன.

ஆர்79.89 ஓர் ஆய்வக முடிவை மட்டுமே சொல்லும். மருத்துவர் "ட்ரோபோனின் உயர்வு" என்பதற்கு மேல் எதுவும் எழுதாதபோது இதுவே சரி.

ஐ21.ஏ1 என்பது டைப் 2 மாரடைப்பு. 2017 அக்டோபரில் வந்தது. ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைக்காவிட்டாலும், கடும் ரத்தசோகையோ, தாழ்ந்த ரத்த அழுத்தமோ, அதிவேகத் துடிப்போ இதயத்தின் ஆக்ஸிஜன் தேவையையும் வரத்தையும் குலைத்துவிடும் நிலை இது. 2018-இல் வெளியான மாரடைப்பின் நான்காம் உலகளாவிய வரையறைப்படி, ட்ரோபோனின் 99-ஆம் சதமானத்தை (நலமானவர்களில் 99 சதவீதத்தினரின் அளவு அடங்கும் எல்லையை) தாண்டி ஏறியோ இறங்கியோ இருப்பது மட்டும் போதாது. நெஞ்சுவலி, இசிஜியில் புதிய மாற்றம் போன்று, ரத்தக்குறைவின் (இஸ்கீமியா, அதாவது இதயத் தசைக்குப் போதிய ரத்தம் கிடைக்காமையின்) சான்று ஒன்றாவது வேண்டும்.

அந்தச் சான்று இல்லாத காயத்துக்கு 2021 அக்டோபர் 1 வரை தனி இடமே இல்லை. ரத்தக்குறைவு சாராத இதயத் தசைக் காயத்துக்கென அன்று நடைமுறைக்கு வந்த ஐ5ஏ அந்தக் குறையைத் தீர்த்தது; திடீர்க் காயம், நாள்பட்ட காயம் இரண்டும் இதில் அடங்கும், அடிபட்டதால் வந்த காயம் அடங்காது. நாள்பட்ட சிறுநீரக நோயில் ஏறாமல் இறங்காமல் உயர்ந்தே நிற்கும் ட்ரோபோனினை மருத்துவர் இதயத் தசைக் காயம் என்று எழுதினால் முதலில் என்18 தொகுதியிலிருந்து உரிய குறியீடு, அடுத்து ஐ5ஏ. செப்சிஸ், இதயச் செயலிழப்பு, நுரையீரல் ரத்தக்கட்டி ஆகியவற்றிலும் காயத்துக்குக் காரணமான நோயே முன்னே நிற்கும். ஐ21.ஏ1-க்கும் இதே வரிசைதான். டைப் 2 மாரடைப்பை மருத்துவர் என்ஸ்டெமி (இசிஜியில் எஸ்டி உயர்வு இல்லாத மாரடைப்பு) என்று வருணித்திருந்தாலும் அதற்குரிய ஐ21.4-ஐச் சேர்க்கக் கூடாது. இதயத்தின் தேவை மிகுந்ததால் வந்து, மாரடைப்பாகாத ரத்தக்குறைவுக்கு (டிமாண்ட் இஸ்கீமியா) ஐ24.89 உண்டு.

உண்மையான சிக்கல் கட்டணத்தில் இருக்கிறது. ஐ21.ஏ1 கட்டணத்தை அதிகம் உயர்த்தக்கூடிய எம்சிசி (பெரிய உடன்நோய் அல்லது சிக்கல்), ஐ5ஏ அதைவிடக் குறைவாக உயர்த்தக்கூடிய சிசி (உடன்நோய் அல்லது சிக்கல்), ஆர்79.89 இரண்டுமில்லை. இதனால் ஐ5ஏ எழுத வேண்டிய இடத்தில் ஐ21.ஏ1 எழுதும் ஆசை எழுகிறது. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்: ஆடிட்டில் பணம் திரும்பிப் போவது ஒருபுறமிருக்க, வராத மாரடைப்பு ஒன்று அந்த நோயாளியின் ஆவணங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கி, அடுத்த மருத்துவரின் மருந்துச் சீட்டையும் திசைதிருப்பக்கூடும். மறுபுறம், எழுதப்பட்ட டைப் 2 மாரடைப்பை, இசிஜி தெளிவாக இல்லையே என்று கோடர் தாமாகவே ஐ5ஏ-வாகக் குறைப்பதும் தவறே. நோயைத் தீர்மானிப்பவர் மருத்துவர்.

நம் ஊர் மருத்துவமனைகளின் ரெக்கார்டு அறைக்கு வேலைக்குச் செல்வோர் கவனிக்க: ஐ5ஏ அமெரிக்கத் தொகுப்புக்கே உரியது, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10-இல் அது இல்லை.

மருத்துவரின் குறிப்பு தெளிவாக இல்லையெனில் அவருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் கடிதம்) அனுப்ப வேண்டும். "இது டைப் 2 மாரடைப்புதானே?" என்று பதிலை வாயில் திணிக்காமல், ட்ரோபோனின் அளவுகளையும் அவற்றின் நேரத்தையும், இசிஜி குறிப்பையும், நோயாளி சொன்ன தொந்தரவுகளையும் வரிசையாக வைத்து, டைப் 2 மாரடைப்பு, ரத்தக்குறைவு சாராத காயம், வேறு காரணம், தீர்மானிக்க இயலவில்லை ஆகிய எல்லாத் தெரிவுகளையும் கொடுத்துக் கேட்பதே முறை.